ஒரே நோய், ஒரே நிலை, வேறு வேறு சிகிச்சை: புற்றுநோய் சிகிச்சை வேறுபாட்டைக் கணினிப் பதிவுகள் எப்படிக் காட்டுகின்றன?

ஒரு வீட்டில் யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்த மறுநாளே ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். "அங்கே போங்க, அங்கே குணமாகிற சதவீதம் ஜாஸ்தி." "இந்த டாக்டர் ஆபரேஷன்னு சொல்றார், அந்த டாக்டர் வேண்டாம்னு சொல்றார், ரெண்டு பேர்ல ஒருத்தர் நம்மளை ஏமாத்துறார்." "இப்பல்லாம் கம்ப்யூட்டரே எந்த மருந்துன்னு சொல்லிடுதாம்." மூன்று பேச்சும் சுற்றிவருவது ஒரே விஷயத்தைத்தான். ஒரே புற்றுநோய்க்கு வெவ்வேறு மருத்துவமனைகளில் வெவ்வேறு சிகிச்சை தரப்படுகிறது. அந்த வேறுபாட்டை இன்று கணினிப் பதிவுகளை வைத்து அளக்க முடிகிறது. ஆனால் அந்த அளவை எப்படிப் படிப்பது என்று தெரியாததால், கையில் கிடைக்கும் ஒரு சதவீதத்தை நம்பி வீட்டில் பெரிய முடிவுகள் எடுக்கப்படுகின்றன. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே விளக்கப்போகும் கருவிகள் எந்த நோயாளிக்கும் மருந்து தேர்ந்தெடுப்பதில்லை. ஏற்கெனவே தரப்பட்ட சிகிச்சைகளை ஆயிரக்கணக்கில் ஒன்றுசேர்த்து, எந்த ஊரில் யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்று காட்டுவதுதான் அவற்றின் வேலை. இதை நாடு முழுக்க விரிவாகச் செய்து, முடிவுகளைப் பொதுவில் வைக்கும் இடங்களில் இங்கிலாந்து முக்கியமானது. அதனால் பெரும்பாலும் அந்த நாட்டை வைத்தே சொல்கிறேன்.

தேர்ச்சி சதவீதத்திலிருந்து தொடங்கலாம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவு வந்ததும் ஒரு பள்ளி "100 சதவீதத் தேர்ச்சி" என்று பேனர் கட்டுகிறது. பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியில் 82 சதவீதம். முதல் பள்ளிதான் நல்ல பள்ளி என்று சொல்லிவிடலாமா?

கொஞ்சம் விசாரித்தால் கதை மாறும். முதல் பள்ளி, படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே டிசி கொடுத்து அனுப்பியிருக்கலாம். அரசுப் பள்ளி அந்தப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு பரீட்சைக்கு உட்கார வைத்திருக்கலாம். மூன்றாவதாக ஒரு சின்னப் பள்ளி, அங்கே மொத்தம் 12 பேர்தான். போன வருடம் எல்லோரும் பாஸ், இந்த வருடம் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்து ஃபெயில், சதவீதம் 83க்கு இறங்கிவிட்டது. ஆசிரியர்கள் அதேபோலத்தான் பாடம் நடத்தியிருப்பார்கள். நான்காவது பள்ளி, தேர்வுக்கு வராதவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

ஆகவே ஒரு சதவீதத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டியவை நான்கு: உள்ளே வந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள், வடிகட்டி எடுத்தார்களா, மொத்தம் எத்தனை பேர், யாருடைய கணக்கு விடுபட்டிருக்கிறது. புற்றுநோய் சிகிச்சை எண்களுக்கும் இதே கேள்விகள்தான். அவற்றுக்குப் பதில் கண்டுபிடிக்கும் வழிகளைத்தான் இனி ஒவ்வொன்றாகப் பார்க்கப்போகிறோம்.

எல்லா வேறுபாடும் தவறல்ல

இந்தத் துறையின் தொடக்கம் புற்றுநோயில் இல்லை, டான்சில் ஆபரேஷனில் இருக்கிறது. 1938இல் இங்கிலாந்தில் அலிசன் குளோவர் என்ற மருத்துவர், பள்ளிக் குழந்தைகளுக்கு டான்சில் நீக்கும் விகிதம் மாவட்டத்துக்கு மாவட்டம் பெரிதாக மாறுவதையும் அதற்கு நோய்க் காரணம் எதுவும் தென்படவில்லை என்பதையும் எழுதினார். 1973இல் அமெரிக்காவில் ஜான் வென்பெர்க், ஆலன் கிட்டல்சோன் என்ற இருவர் வெர்மான்ட் மாநிலத்தை 13 பகுதிகளாகப் பிரித்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரு பகுதியில் 10,000 பேருக்கு 13 டான்சில் ஆபரேஷன், இன்னொரு பகுதியில் 151. ஒரே சிறிய மாநிலம், ஒரே மாதிரியான மக்கள். நோய் பத்து மடங்கு கூடியிருக்க வாய்ப்பில்லை. அந்தந்த ஊர் மருத்துவர்களின் பழக்கமே வித்தியாசமாக இருந்தது.

இங்கே ஒரு சொல்லை வரையறுத்துக்கொள்வோம். ஒரே நோய், ஒரே அளவு முற்றிய நிலை, ஏறக்குறைய ஒரே உடல்நலம் கொண்டவர்களுக்கு, இடத்தைப் பொறுத்து சிகிச்சை மாறுவதைத்தான் சிகிச்சை வேறுபாடு என்கிறோம். நோயாளியின் உடலோ விருப்பமோ அதை விளக்கிவிட்டால் அது நியாயமான வேறுபாடு. இரண்டுமே விளக்கவில்லை என்றால் நியாயமற்ற வேறுபாடு.

மார்பகப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் முழு மார்பகத்தையும் நீக்குவதுதான் வழக்கம். பெர்னார்டு ஃபிஷர் தலைமையில் 1976இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு, கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுத்தாலும் பெண்கள் அதே அளவு காலம் உயிர்வாழ்கிறார்கள் என்று காட்டியது. 2002இல் வந்த 20 ஆண்டு முடிவும் அதையே உறுதிசெய்தது. அப்படியானால் கட்டி சிறிதாக இருக்கும் பெண்ணுக்கு எது வேண்டும் என்பது பெரும்பாலும் அவர் தீர்மானிக்க வேண்டியது. மார்பகத்தைக் காத்துக்கொள்ளும் ஆபரேஷனை ஒரு ஊரில் 60 சதவீதம் பேரும் இன்னொரு ஊரில் 50 சதவீதம் பேரும் தேர்ந்தெடுத்தால் அதில் தப்பு எதுவும் இல்லை.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு, எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ரேடியேஷன் என்பது வாரக்கணக்கில் தினமும் போய் வர வேண்டிய சிகிச்சை. மெஷின் 100 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், தினக்கூலி போய்விடும் என்றால், அந்தப் பெண் "முழுசா எடுத்துடுங்க டாக்டர்" என்றுதான் சொல்வார். பதிவில் அது "நோயாளியின் விருப்பம்" என்று ஏறும். உண்மையில் அவருக்காகத் தீர்மானித்தது தூரம். அதனால்தான் நல்ல கண்காணிப்பு அமைப்புகள் என்ன சிகிச்சை என்பதோடு நிறுத்தாமல், நோயாளி எங்கே வசிக்கிறார், சிகிச்சை மையம் எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துப் பார்க்க முயல்கின்றன.

இதுவரை பார்த்தது: வேறுபாடு இருக்கிறது என்பது மட்டும் குற்றச்சாட்டாகாது. அதற்கு உடலோ உண்மையான விருப்பமோ காரணமாக இல்லாதபோதுதான் கவலைப்பட வேண்டும். எது எந்த வகை என்று பிரிக்க, நிறையப் பேரின் விவரம் வேண்டும்.

ஒருவரின் விவரம் எங்கெல்லாம் பதிகிறது?

1995இல் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டின் தலைமை மருத்துவ அதிகாரிகளான கென்னத் கால்மன், டெய்ர்ட்ரா ஹைன் இருவரின் பெயரால் அழைக்கப்படும் அறிக்கை வந்தது. புற்றுநோயாளி எந்த ஊரில் இருந்தாலும் ஒரே தரமான சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பது அதன் மையம். சொல்வது எளிது. கிடைக்கிறதா என்று யார் சரிபார்ப்பது?

அந்த நாட்டின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் ஒன்று உண்டு. நுரையீரலில் கட்டி என்று ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பயாப்சி எடுத்த லேப் அந்த எண்ணோடு ரிப்போர்ட் அனுப்புகிறது. அறுவை மருத்துவர், ரேடியேஷன் மருத்துவர், கீமோ மருத்துவர் எல்லோரும் உட்கார்ந்து பேசும் டியூமர் போர்டு கூட்டத்தில் நோயின் நிலை பதிவாகிறது. 2013 முதல் இந்த விவரங்கள் எல்லா மருத்துவமனைகளிலிருந்தும் ஒரே வடிவத்தில் மாதாமாதம் போகின்றன. ரேடியேஷன் எத்தனை தடவை, எந்த அளவு என்பது 2009 முதல் தனித் தொகுப்பாகச் சேர்கிறது. கீமோ மற்றும் பிற புற்றுநோய் மருந்துகளுக்கு 2012 முதல் இன்னொரு தொகுப்பு. மருத்துவமனையில் சேர்ந்தது, வீடு திரும்பியது எல்லாம் வேறொரு இடத்தில் இருக்கும். மரணம் நேர்ந்தால் அது பிறப்பு-இறப்புப் பதிவில் இருக்கும்.

இவை எல்லாவற்றையும் ஒரே மனிதருடையவை என்று அடையாளம் கண்டு கோப்பதற்குப் பெயர் பதிவு இணைப்பு. கோத்த பிறகு கிடைப்பதுதான் புற்றுநோய்ப் பதிவேடு: ஒரு நாட்டிலோ பகுதியிலோ புற்றுநோய் வந்த எல்லோரையும் ஒருவர் விடாமல் பதிவு செய்யும் முயற்சி. இங்கிலாந்தில் ஆண்டுக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய புற்றுநோய்கள் இதில் ஏறுகின்றன.

கேட்பதற்கு எந்திரம் தானாகச் செய்வது போல இருக்கும். அப்படி இல்லை. பெரும்பகுதியைக் கணினி கோத்துவிடும். மீதியில் முரண்பாடுகள் வரும். லேப் ரிப்போர்ட்டில் ஒரு தேதி, டாக்டரின் கடிதத்தில் ஒரு தேதி, ஸ்கேனில் ஒரு தேதி என்று இருந்தால் நோய் கண்டறிந்த நாள் எது? இதற்கு விதிகள் இருக்கின்றன. பொதுவாகத் திசுப் பரிசோதனை சார்ந்த தேதிக்கு முன்னுரிமை. விதிக்கு அடங்காதவற்றைப் பயிற்சி பெற்ற பதிவு அலுவலர்கள் படித்துப் பார்த்து முடிவு செய்கிறார்கள். எண்களைப் படமாகக் காட்டும் இணையப் பக்கமான டாஷ்போர்டில் நாம் பார்க்கும் அழகான வண்ணக் கோட்டுக்குப் பின்னால் இந்தப் பொறுமையான மனித உழைப்பு இருக்கிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும்.

ஆய்வாளர்கள் கைக்குப் போகும் முன் பெயர், முகவரி போன்றவை நீக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் அடையாளம் தெரியாத ஒரு குறியீடு தரப்படுகிறது. தன் விவரம் இதில் வேண்டாம் என்று நினைப்பவர் விலகிக்கொள்ளவும் வழி உண்டு.

அப்புறம் வேகம் ஒரு பிரச்சினை. முழுமையாகச் சரிபார்த்த பதிவு தயாராக ஓராண்டுக்கு மேல்கூட ஆகும். 2020இல் கோவிட் வந்தபோது அவ்வளவு காத்திருக்க முடியவில்லை. எத்தனை பேருக்கு நோய் கண்டறிவதே நின்றுபோனது என்று உடனடியாகத் தெரிய வேண்டியிருந்தது. அப்போது உருவான விரைவுப் பதிவுத் தொகுப்பு சில மாத இடைவெளியிலேயே கிடைக்கிறது. முழுப் பதிவைவிட அதில் குறைகள் கொஞ்சம் அதிகம். 2022இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்த் தணிக்கை மையம் மார்பகம், நுரையீரல், புராஸ்டேட், குடல், கணையம் என்று பத்து தணிக்கைகளை நடத்துகிறது. இங்கே தணிக்கை என்றால், தர வேண்டிய சிகிச்சையையும் தரப்பட்ட சிகிச்சையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அந்த விரைவுத் தொகுப்பை வைத்து இந்த மையம் காலாண்டுக்கு ஒருமுறை டாஷ்போர்டுகளைப் புதுப்பிக்கிறது.

யாரை யாரோடு ஒப்பிடுவது?

அரசுப் பள்ளிக்கும் வடிகட்டிச் சேர்க்கும் பள்ளிக்கும் இருந்த வித்தியாசம் நினைவிருக்கட்டும். நுரையீரல் புற்றுநோயில் ஆபரேஷன் பெற்றவர்கள் ஒரு மருத்துவமனையில் பத்தில் ஒருவர், இன்னொன்றில் பத்தில் இரண்டு பேர் என்றால், முதலில் நோயாளிகளைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு அளவுகள் இங்கே அடிப்படை. ஒன்று நோயின் நிலை: கட்டி எவ்வளவு பெரிது, நிணநீர் முடிச்சுக்குப் போயிருக்கிறதா, வேறு உறுப்புக்குப் பரவியிருக்கிறதா என்பதை வைத்து 1 முதல் 4 வரை தரப்படுவது. இன்னொன்று உடல்திறன் மதிப்பெண். 0 என்றால் எப்போதும் போல நடமாடி வேலை செய்கிறார். 4 என்றால் முழுக்கப் படுக்கை. நடுவில் 1, 2, 3. மருத்துவர் சில நிமிடம் பேசிப் பார்த்துப் போடும் இந்த ஒற்றை எண்ணுக்கு, சிகிச்சையைத் தாங்குவாரா என்று முன்கூட்டிச் சொல்வதில் பெரிய மதிப்பு இருக்கிறது.

இவற்றை வைத்துச் செய்யும் கணக்குக்கு நோயாளிக் கலவைச் சரிசெய்தல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நாடு முழுவதிலும் இருந்து வந்த பதிவுகளை வைத்து, 62 வயது, முதல் நிலை, மதிப்பெண் 0 என்ற ஒருவருக்கு நோயைக் குணப்படுத்தும் நோக்கிலான சிகிச்சை கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். 84 வயது, மதிப்பெண் 3 என்றால் எவ்வளவு என்றும் கணக்கிடுகிறார்கள். ஒரு மருத்துவமனைக்கு வந்த ஒவ்வொருவரின் வாய்ப்பையும் கூட்டினால், "இப்படிப்பட்ட நோயாளிகள் வந்தால் இத்தனை பேருக்கு சிகிச்சை கிடைத்திருக்க வேண்டும்" என்ற எதிர்பார்ப்பு எண் கிடைக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு பாருங்கள். முதல் மருத்துவமனையில் 100 பேர் வந்தார்கள், எதிர்பார்ப்பு 70, உண்மையில் சிகிச்சை பெற்றவர்கள் 68. இரண்டாவதிலும் 100 பேர், எதிர்பார்ப்பு 88, பெற்றவர்கள் 80. வெறும் சதவீதத்தைப் பார்த்தால் இரண்டாவது மேல். சரிசெய்து பார்த்தால் கேள்வி கேட்க வேண்டிய இடம் இரண்டாவதுதான்.

சரி, எதையெல்லாம் சரிசெய்யலாம்? இது வெறும் கணிதப் பிரச்சினை இல்லை. வறுமையைச் சரிசெய்கிறோம் என்று வையுங்கள். ஏழைப் பகுதிகளில் சிகிச்சை குறைவாகக் கிடைப்பது ஏற்கெனவே நாட்டின் வழக்கம் என்றால், கணக்கு அந்தக் குறைவையே "எதிர்பார்ப்பு" என்று எடுத்துக்கொள்ளும். அநியாயம் சமன்பாட்டுக்குள் போய் மறைந்துவிடும். வயதும் அப்படித்தான். 70 வயதைக் கடந்த மார்பகப் புற்றுநோயாளிகளை 50 முதல் 69 வயது வரையிலான பெண்களோடு ஒப்பிடுவதற்கென்றே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2016 முதல் 2022 வரை ஒரு தனித் தணிக்கை நடந்தது. பிறந்த தேதியை மட்டும் பார்த்து ஆபரேஷன் மறுக்கப்படுகிறதா, அல்லது உண்மையாகவே உடல் தாங்காதா என்று பிரித்துப் பார்க்க அது தேவைப்பட்டது. என் கருத்து இது: நோயின் நிலையையும் உடல்திறனையும் சரிசெய்யுங்கள். வறுமையையும் வயதையும் தனியாக எடுத்துக் காட்டுங்கள். கணக்குக்குள் கரைத்துவிடாதீர்கள்.

சுருக்கமாக: வந்த நோயாளிகள் எப்படிப்பட்டவர்கள் என்று கணக்கில் கொள்ளாத சதவீதத்துக்கு மதிப்பு குறைவு. ஆனால் எதைக் கணக்கில் கொள்வது என்பதே ஒரு தீர்ப்பு. அதை எழுதிவைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

புனல் வரைபடம்

12 பேர் படித்த சின்னப் பள்ளியின் சிக்கல் இது. நாட்டின் சராசரி 80 சதவீதம் என்று வைப்போம். ஒரு மருத்துவமனை எந்தக் குறையும் இல்லாமல் நடந்தாலும், அங்கே வருடத்துக்கு 20 பேர்தான் வருகிறார்கள் என்றால், வெறும் தற்செயலாலேயே அதன் எண் 62க்கும் 98க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் விழலாம். 500 பேர் வரும் மருத்துவமனைக்கோ அந்த ஆட்டம் ஏறக்குறைய 76 முதல் 84க்குள் அடங்கிவிடும். 100 முறை பார்த்தால் சுமார் 95 முறை எண் இந்த எல்லைக்குள் இருக்கும். அதுதான் இந்த எல்லையின் பொருள்.

இதைப் படமாக வரைந்தால், கிடைமட்டத்தில் நோயாளிகளின் எண்ணிக்கை, செங்குத்தில் சதவீதம். இடதுபக்கம் எல்லைக்கோடுகள் அகலமாகத் திறந்திருக்கும், எண்ணிக்கை கூடக்கூட நெருங்கி வரும். படுக்க வைத்த புனல் போல இருப்பதால் புனல் வரைபடம் என்ற பெயர். ஒவ்வொரு மருத்துவமனையும் அதில் ஒரு புள்ளி. மருத்துவமனைகளை ஒப்பிட இதைப் பயன்படுத்துவது பற்றி டேவிட் ஸ்பீகல்ஹால்டர் 2005இல் எழுதிய கட்டுரை இன்றும் இந்தத் துறையின் அடிப்படை.

இந்தப் படத்தில் முதலிடம், கடைசி இடம் என்று எதுவும் இல்லை. கோடுகளுக்குள் இருக்கும் புள்ளிகளை வரிசைப்படுத்துவதில் அர்த்தமே இல்லை, அவற்றுக்கு இடையிலான வித்தியாசம் தற்செயலாக இருக்கலாம். கண் போக வேண்டியது வெளிக்கோட்டுக்கும் அப்பால் இருக்கும் புள்ளிக்கு. அந்தக் கோடு, தற்செயலாக அங்கே விழும் வாய்ப்பு 1,000க்கு 2 என்ற அளவில் போடப்படுவது. "இந்தியாவின் சிறந்த பத்து", "முதலிடத்தில் இருப்பது" என்று பத்திரிகைகளில் வரும் பட்டியல்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். எண்ணிக்கையும் எல்லையும் சொல்லாமல் வரிசை மட்டும் சொன்னால், அதிர்ஷ்டத்தையும் திறமையையும் பிரிக்க வழியில்லை.

இறப்பு குறைவு என்றால் நல்லதுதானே?

கீமோ கொடுத்து 30 நாளுக்குள் நோயாளி இறந்தால் அது தனியாக எண்ணப்படுகிறது. இங்கிலாந்தில் 2014இல் சிகிச்சை பெற்ற 23,000க்கும் மேற்பட்ட மார்பகப் புற்றுநோயாளிகளையும் 9,600க்கும் மேற்பட்ட நுரையீரல் புற்றுநோயாளிகளையும் பற்றி இப்படி ஓர் ஆய்வு 2016இல் வந்தது. ஒரு நாடு முழுவதும் அன்றாட சிகிச்சையில் நடந்ததை இப்படி மருத்துவமனை வாரியாகப் பார்க்க முடிந்தது மருந்துப் பதிவுத் தொகுப்பு இருந்ததால்தான்.

இந்த எண் அதிகமாக இருந்தால், உடல் தாங்காதவர்களுக்கும் கடைசி நேரத்தில் கீமோ கொடுக்கிறார்களோ என்று கேட்க வேண்டும். வீட்டில் குடும்பத்தோடு இருந்திருக்க வேண்டிய நாட்களை ஒருவர் மருத்துவமனையில் வாந்தியோடும் காய்ச்சலோடும் கழித்திருக்கலாம். மிகவும் குறைவாக இருந்தாலும் கேள்வி உண்டு. பலன் அடைந்திருக்கக்கூடிய, கொஞ்சம் பலவீனமான நோயாளிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்களா? ஒன்பதாம் வகுப்பில் டிசி கொடுப்பது இங்கே இப்படித்தான் நடக்கும். பூஜ்யம் என்ற எண்ணைப் பார்த்தால் இன்னொரு சந்தேகமும் வர வேண்டும்: வீட்டுக்குப் போய் இறந்தவர்களின் விவரம் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்ததா? இறப்புப் பதிவோடு இணைக்காத மருத்துவமனை, தன் வாசலைத் தாண்டியவர் நலமாக இருக்கிறார் என்றே கணக்கு வைத்திருக்கும்.

விடுபட்ட விவரம் இப்படிப் பல நேரம் எண்ணை நல்லதாகக் காட்டிவிடும். நோயின் நிலையே எழுதப்படாத பதிவுகள் அதிகம் உள்ள மருத்துவமனையை ஒப்பிடவே முடியாது. அதனால் ஒரு நல்ல அறிக்கை, சிகிச்சை விகிதத்தைச் சொல்லும் முன் "எத்தனை சதவீதப் பதிவுகளில் நிலை குறிக்கப்பட்டிருக்கிறது" என்பதைச் சொல்லும்.

கண்டுபிடித்த பிறகு என்ன நடக்கிறது?

ஒரு புள்ளி புனலுக்கு வெளியே போனதும் பெயரை வெளியிட்டுவிட மாட்டார்கள். அந்த மருத்துவமனைக்கு முதலில் எழுதுவார்கள்: உங்கள் பதிவைச் சரிபாருங்கள். பல நேரம் தவறு பதிவில்தான் இருக்கும். பதிவு சரி, எண்ணும் அப்படியேதான் நிற்கிறது என்றால், ஏன் என்று விளக்கமும் என்ன செய்யப்போகிறீர்கள் என்ற திட்டமும் கேட்கப்படும்.

நுரையீரல் தணிக்கையின் தரவுகளை வைத்து 2011இல் வந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். வயது, நோயின் நிலை, உடல்திறன், வேறு நோய்கள் எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும், நெஞ்சு அறுவை மருத்துவர்கள் இருக்கும் மருத்துவமனையில் முதலில் காட்டியவர்களுக்கு ஆபரேஷன் கிடைக்கும் சாத்தியம் மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்காக இருந்தது. எந்த வாசலில் முதலில் நுழைந்தோம் என்பது சிகிச்சையைத் தீர்மானித்திருக்கிறது! இதற்குச் செய்ய வேண்டியது தெளிவு. சின்ன மருத்துவமனையின் டியூமர் போர்டு கூட்டத்திலும் ஓர் அறுவை மருத்துவர் உட்கார வேண்டும்.

எல்லாக் கண்டுபிடிப்பும் இவ்வளவு தெளிவாக இருக்காது. நுரையீரல் புற்றுநோய்க்கான சிறப்புச் செவிலியரைச் சந்தித்தவர்களுக்கு சிகிச்சை கிடைத்த விகிதம், சந்திக்காதவர்களைவிட மிக அதிகம் என்று அதே தணிக்கை காட்டியது. செவிலியர் துணையிருந்ததால் சிகிச்சை கிடைத்ததா, அல்லது சிகிச்சைக்குத் தகுதியானவர்கள்தான் செவிலியரிடம் அனுப்பப்பட்டார்களா? பதிவுகள் மட்டும் இதைத் தீர்த்துச் சொல்லாது. இரண்டு விஷயங்கள் சேர்ந்தே வருகின்றன என்பது வரைதான் அவற்றுக்குத் தெரியும்.

சிகிச்சை குறைவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். தேவைக்கு மேல் கொடுப்பதும் வேறுபாடுதான். அபாயம் குறைந்த புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் மெதுவாக வளரும். பிரிட்டனில் 1,643 ஆண்களை ஆபரேஷன், ரேடியேஷன், கண்காணித்துக் காத்திருத்தல் என்று மூன்று பிரிவாகப் பிரித்து நடந்த ஆய்வின் 15 ஆண்டு முடிவு 2023இல் வந்தது. அந்த நோயால் இறந்தவர்கள் மொத்தமே 3 சதவீதத்துக்கும் குறைவு, எந்தப் பிரிவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் கசிவும் ஆண்மைக் குறைவும் பலரை வருடக்கணக்கில் வாட்டுகின்றன. ஆகவே அங்குள்ள புராஸ்டேட் தணிக்கை, அபாயம் குறைந்த ஆண்களில் எத்தனை பேருக்குத் தீவிர சிகிச்சை தரப்பட்டது என்று மருத்துவமனை வாரியாக வெளியிடுகிறது. அதை "மிகை சிகிச்சையாக இருக்கலாம்" என்றுதான் குறிப்பிடுகிறார்கள். "இருக்கலாம்" என்ற அந்தக் கவனம் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த எண்ணுக்குள் எல்லாம் தெரிந்தும் ஆபரேஷனே வேண்டும் என்று கேட்ட சிலரும் இருப்பார்கள்.

சென்னையில் இருப்பதும் இல்லாததும்

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. மக்கள்தொகை சார்ந்த முதல் பதிவேடுகளில் ஒன்று சென்னையுடையது, அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் 1982 முதல் நடக்கிறது. பதிவு ஊழியர்கள் மருத்துவமனை மருத்துவமனையாக, லேப் லேபாகப் போய் விவரம் சேகரித்து வளர்த்த பதிவேடு அது. எந்தப் புற்றுநோய் கூடுகிறது, எது குறைகிறது என்பதை நாம் அறிவது இவர்களால்தான். டாடா நினைவு மையத்தை மையமாகக் கொண்டு 2012இல் உருவான தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பில் இன்று 300க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளும் அமைப்புகளும் இருக்கின்றன. எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்ற பொதுவான வழிகாட்டுதல்களை அது வகுத்திருக்கிறது.

இல்லாதது, சிகிச்சை முழுவதையும் ஒரே நபரின் பெயரில் கோக்கும் இணைப்பு. நம் ஊரில் ஒருவர் பயாப்சியை மாவட்டத் தலைநகரில் எடுப்பார், ஆபரேஷனைத் தனியார் மருத்துவமனையில் செய்வார், பணம் தீர்ந்ததும் கீமோவுக்கு அரசு மருத்துவமனைக்கு வருவார். ஒவ்வொரு மருத்துவமனையும் அவருடைய கதையில் தன் பக்கத்தை மட்டும் பார்க்கும். 2021இல் நாடு முழுவதற்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க ஆபா எண் இந்தக் கோர்வைக்கு உதவக்கூடியது. அது நடக்க வேண்டுமென்றால் எண் இருந்தால் மட்டும் போதாது. நோயின் நிலையும் உடல்திறன் மதிப்பெண்ணும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரே முறையில், கணினி படிக்கும் வடிவத்தில் எழுதப்பட வேண்டும்.

அதுவரை அந்த இணைப்பைச் செய்வது நோயாளியின் வீட்டார்தான். ஆகவே ஒரு வேண்டுகோள். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது, நோய் எந்த நிலையில் இருக்கிறது, டியூமர் போர்டில் என்ன முடிவானது, கீமோ என்றால் எந்த மருந்து எத்தனை சுற்று, ரேடியேஷன் என்றால் மொத்த அளவு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். "ஏன் இந்த சிகிச்சை, வேறு எது சாத்தியம்?" என்றும் கேளுங்கள். பயாப்சி பிளாக்கை, அதாவது எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சின்னக் கட்டியை, லேபிலிருந்து கேட்டு வாங்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டாவது மருத்துவர் வேறு மாதிரிச் சொன்னால், இருவரும் ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் சொன்னார்களா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.